சக்களத்திக்கு ஒரு பம்ப்பு

"போச்சுடா!" என்றார் நூலகர், ஜீப்புக்கு அடியில் படுத்தபடி.

வண்டியின் மூக்குக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில் ஒரு தட்டளவுக்குப் பச்சை ஈரம். தொட்டு முகர்ந்தார். ரேடியேட்டர் தண்ணீரேதான். வாட்டர் பம்ப்பு ஒரு மாதமாகக் கீச்சுக் கீச்சென்று முனகிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. பேச்சு நின்றால் அடுத்தது மூச்சுத்தானே!

விஷயம் சாதாரணமானதல்ல. மறுநாள் மலைமேல் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். மச்சினனும் கூட வருகிறான். "வழியில ஒரு தடவை நின்னாலும் வண்டியை வித்துடணும் மாமா. ஆள் ரெடியா இருக்கான்" என்று அவன் சீண்ட, இவரும் ரோஷத்தில் "சரி மாப்பிள்ளே" என்று கையடித்துக் கொடுத்துவிட்டார்.

மெக்கானிக்கிடம் போகலாமே என்று கேட்பீர்கள். இருபத்திரண்டு வருஷமாக, பேப்பர் படிக்க வருகிறவர்களைக்கூட விடாமல், "என் ஜீப்புல என் கையைத் தவிர வேற கை பட்டதில்ல" என்று சொல்லிச் சொல்லிக் கெட்டுப்போன மனிதர் அவர். பம்ப்பை மட்டும் கழற்றியதே இல்லை. அதனாலென்ன, ரிப்பேர் புத்தகம் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வேலைக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்றாள். "இன்னிக்காவது என் சக்களத்தியை நோண்டாம இருங்க. அவ நல்லாத்தானே இருக்கா?"

"சும்மா துடைக்கப் போறேன்" என்றார். பம்ப்பு போய்விட்டது என்று தெரிந்தால் அவளே தம்பியைக் கூப்பிட்டுவிடுவாள்.

அவள் தெரு முனை திரும்பியதும், துணி துவைக்கிற பேசினை எடுத்து வந்து ரேடியேட்டர் தண்ணீரை அதில் இறக்கினார். விசிறியைக் கழற்றும்போது அது ரேடியேட்டரில் ஒரு கோடு கிழித்தது. பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், விளிம்பு பிய்ந்தது. ஆனால் பம்ப்பின் போல்ட்டுகள் மட்டும் கை வைத்ததும் கழன்று வந்தன. பம்ப்பும் பளபளவென்று இருந்தது. ஆட்டிப் பார்த்தார். ஆட்டமே இல்லை.

"எப்படிப் பராமரிச்சிருக்கேன் பாரு!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். "நோய் உள்ளே இருக்கு. வெளியே தெரியல."

பம்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு பழைய உதிரிபாகக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா சார் கெட்டுப்போச்சு?"

"உள்ளுக்குள்ள."

"ஓகோ." கடைக்காரர் சட்டென்று அதை மேசைக்குள் போட்டுப் பூட்டினார். அலமாரியிலிருந்து வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஒரு பம்ப்பை எடுத்து வைத்தார். "நேத்து வந்த சரக்கு. உங்க மாடலேதான். பழசுக்குப் பழசு சரியாப் போச்சு, ஒரு பைசா வேணாம்."

விளிம்பில் ஓர் உளி வெட்டு இருந்தது. "எவனோ கைநாட்டுப் பய உளியை வச்சு நெம்பியிருக்கான்" என்று நொந்துகொண்டார் நூலகர். இருந்தாலும் கெட்டதைக் கொடுத்து நல்லதை வாங்கியாகிவிட்டது. இளிச்சவாயன் சிக்கினான் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

பம்ப்பு என்னவோ அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. பேசினிலிருந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி இன்ஜினைப் போட்டதும் கீச்சென்றது. "புது இடம், பழகணும்ல" என்றார். அடியிலுள்ள சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த ஓட்டையைப் பற்றிய பக்கத்தைப் புத்தகத்தில் எப்போதோ கரையான் தின்றிருந்தது. தீக்குச்சியைச் செருகி, மேலே சோப்பை அப்பினார். சொட்டு நின்றது. பேசினைக் கழுவிக் கவிழ்த்தார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். "எப்படி இருக்கா?"

"ராணி மாதிரி இருக்கா."

"இருப்பா, இருப்பா" என்று அவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மலையின் மூன்றாவது வளைவு. கீச்சு அலறலாயிற்று. தீக்குச்சி எங்கோ தெறித்தது. முன்பக்கமெல்லாம் ஆவி. ஜீப் நின்றது.

பின்சீட்டில் மச்சினன் நிதானமாகப் போனை எடுத்தான். "மாமா, அந்த ஆளு நம்பர்..."

நூலகர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம்! ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் மனைவிதான் கொதித்தாள். "அது எப்படி நிக்கும்? நிக்கவே கூடாதே! டேய், நீ போனை உள்ளே வை!" தன் போனில் எண்களை மனப்பாடமாக அழுத்தினாள்.

"மெக்கானிக் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருக்கேன். நீங்க பேசாம இருங்க."

அரை மணியில் மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். குனிந்தார். வெள்ளிப் பெயிண்டை நகத்தால் சுரண்டினார். விளிம்பிலிருந்த உளி வெட்டைத் தடவிப் பார்த்தார். நூலகரைப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவியிடம் திரும்பினார்.

"அக்கா, வியாழக்கிழமை சார் லைப்ரரிக்குப் போனப்புறம், அவருக்குத் தெரியாம புதுசு மாட்டச் சொன்னீங்களே... அன்னிக்கு நான் தரையில தண்ணி சிந்தி, நெம்பிக் கழட்டிப் பழைய கடையில போட்ட பம்ப்பு, மறுபடியும் எப்படிக்கா இங்க வந்து உக்காந்துச்சு?"