ஒரே கோட்டு, எட்டுப் பேர்

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் கோட்டு போட்டுப் படம் எடுத்துக்கொண்ட தமிழர்கள் அத்தனை பேரும் ஒரே கோட்டைத்தான் போட்டார்கள். வக்கீல், கல்யாணத் தரகர், கிள்ளான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, யாராக இருந்தாலும் சரி. சந்தேகம் இருந்தால் வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம், இடது காலர் கொஞ்சம் மடங்கியிருக்கும். அது ஸ்டூடியோ வைத்திருந்த பாஸ்போர்ட் அண்ணனுடைய கோட்டு.

அந்தக் கோட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று முதுகை வெட்டி எடுத்துவிட்டு நாடா தைத்து வைத்திருந்தார். அவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே கைலி. கேட்டால், "இதெல்லாம் படத்துல வராது சார்" என்பார். அவரைப் பொறுத்தவரை மனித உடம்பு சட்டையின் இரண்டாவது பொத்தானோடு முடிந்துவிடும்.

யாரைப் பார்த்தாலும் தாடையைத் தூக்கச் சொல்வது அவருக்கு வியாதி. கடையிலிருந்து தே தாரிக் டீ கொண்டுவரும் தம்பி தாடையைத் தூக்கினால்தான் கிளாஸை வாங்குவார். ஒருமுறை துக்க வீட்டில், படுத்திருந்த பெரியவரின் தாடையைச் சற்றே தூக்கி, தலையை ஒரு நூல் வலப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார். படம் எடுக்க இல்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நான் ஆசிரியன். சிரிக்காதீர்கள். அவருடைய ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கல்வி நிலையம் இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை ஊடகவியல் டிப்ளோமா தேர்வுக்குத் தயார் செய்வது என் பிழைப்பு. பத்திரிகை வரலாறு வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டேன். திடீரென்று பாடத்திட்டத்தில் 'டிஜிட்டல் ஊடகமும் அடையாளமும்' என்று ஒரு புதுத் தாளைச் சேர்த்துவிட்டார்கள். நான் அதுவரை கணினியைத் தொட்டதுகூட இல்லை. வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை தேர்வு எழுதியதில் ஒருவர்கூடத் தேறவில்லை. நிலையத்தை நடத்திய மேடம் என்னைக் கூப்பிட்டு, "இந்த வாட்டியும் யாரும் பாஸ் பண்ணலன்னா கிளாஸ மூடிட்டு தையல் வகுப்பு வச்சிடுவேன் மாஸ்டர். உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

அந்த வாரம்தான் பாஸ்போர்ட் அண்ணன் மாடியேறி வந்து மாணவராகச் சேர்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?"

"இருவது வருஷமா ஊர்ல உள்ளவன் சர்டிபிகேட்டுக்கெல்லாம் நான்தான் போட்டோ எடுக்கறேன் சார். என் மூஞ்சி ஒட்டுன சர்டிபிகேட் ஒன்னுகூட இல்ல. ஒன்னே ஒன்னு போதும் லா."

அப்போதுதான் அவர் ஒரு கணினியும் ஸ்கேனரும் வாங்கியிருந்தார். முதலில் ஸ்கேன் செய்தது கோட்டைத்தான். அதன்பிறகு யாரும் நாடா கட்ட வேண்டியதில்லை. பனியனோடு வந்து உட்கார்ந்தாலும் கோட்டோடு திரும்பிப் போகலாம்.

வகுப்பில் நான் பாடநூலின் நகலைப் பார்த்து, "டிஜிட்டல் வெளியில் ஒருவர் தம் அடையாளத்தைத் தாமே கட்டமைத்துக்கொள்கிறார்" என்று வாசிப்பேன். எனக்குப் புரியாததால் இரண்டு முறை வாசிப்பேன். பாஸ்போர்ட் அண்ணன் கையைத் தூக்குவார்.

"டச்-அப் பண்றதா சார்?"

"அதைவிட ஆழமானது அண்ணே."

"ஜெஞ்சாரோம்ல இருந்து ஒரு அம்மா மகளக் கூட்டிக்கிட்டு வந்தாங்க சார். மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்கணும், படத்துல மூக்குத்திய எடுத்துடுங்கன்னாங்க. எடுத்துட்டேன். மறுவாரம் அந்தப் பிள்ள தனியா வந்து, திரும்பப் போட்டுக் குடுங்க அங்கிள்னு நிக்குது. இப்ப இதுல எது சார் அவ அடையாளம்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

"அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்றேன்.

அந்த ஆறு மாதத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் சொல்லும் கதைகளை வீட்டுக்குப் போய் எழுதி வைத்துக்கொண்டு, மறுவாரம் 'எடுத்துக்காட்டு ஒன்று' என்று அவருக்கே பாடமாக நடத்தினேன். அவரும் பயபக்தியோடு குறிப்பெடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் மேடம் துண்டுப் பிரசுரம் அடிக்க என் படத்தைக் கேட்டார். எனக்கு இருபத்தெட்டிலேயே முன்மண்டை காலி. ஸ்டூடியோவுக்குப் போய்ச் சுற்றி வளைத்துப் பேசினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"முடி எவ்வளவு சார் வேணும்?"

"கொஞ்சம்... வச்சதே தெரியாத மாதிரி."

என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு எந்த வக்கீலிடமிருந்து எடுத்தாரோ, அருமையான சுருட்டை முடி ஒன்றை வைத்துக் கொடுத்தார். பிரசுரத்தைப் பார்த்து வந்த இரண்டு பேர் என்னிடமே, "மாஸ்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார்கள். "வந்துவிடுவார், உட்காருங்கள்" என்று சொல்லி நானே பாடம் எடுத்தேன். ஒரு வாரம் அவர்கள் அந்த முடிக்காரருக்காகக் காத்திருந்தார்கள்.

தேர்வு நெருங்கியது. நுழைவுச் சீட்டில் படம் ஒட்டி, 'இது இவரது உண்மையான தோற்றம்' என்று ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். எட்டுப் பேருக்கும் படம் தன் அன்பளிப்பு என்றார் பாஸ்போர்ட் அண்ணன். பிரித்துப் பார்த்தேன். கிள்ளானிலிருந்து வரும் சரோஜாவின் கன்னத்து மச்சம் போயிருந்தது. சுங்கை பூலோ முனியாண்டியின் புருவத்துத் தழும்பு மறைந்து, ஆள் இரண்டு படி வெளுத்திருந்தான். எல்லார் மேலும் அதே சாம்பல் கோட்டு, சரோஜா உட்பட.

"பரீட்ச பாருங்க சார், மரியாதையா இருக்கட்டும்" என்றார்.

தலையில் வக்கீல் முடியோடு பிரசுரத்தில் சிரித்துக்கொண்டிருந்த நான் என்ன சொல்ல முடியும்? எட்டுச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பள்ளி மண்டபத்தில் தேர்வு. தலைமைக் கண்காணிப்பாளர் ஒரு தமிழம்மா. சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏன் மாஸ்டர், இவங்கெல்லாம் ஒரே குடும்பமா?"

"இல்லிங்க மேடம்."

"அப்புறம் ஏன் எல்லாருக்கும் காலர் ஒரே எடத்துல மடிஞ்சிருக்கு?"

நான் கைக்குட்டையை எடுத்து மண்டையைத் துடைத்தேன். அடையாள அட்டையாவது காப்பாற்றும் என்று நம்பினேன். அது பன்னிரண்டு வயதில் எடுத்த படம், அதில் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தார்கள்.

எட்டுப் பேரில் ஒருவரைத்தான் அந்த அம்மா கேள்வி கேட்காமல் உள்ளே விட்டார். பாஸ்போர்ட் அண்ணன் தன் படத்தில் மட்டும் எதையும் மாற்றவில்லை. போதாததற்கு அசல் கோட்டையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். படத்தில் என்ன இருந்ததோ அதுதான் எதிரே நின்றது. அன்று கைலிக்குப் பதில் கால்சட்டைகூடப் போட்டிருந்தார்.

மற்ற ஏழு பேர் வெளியே நின்றார்கள். சரோஜா அழத் தொடங்கிவிட்டாள். கண்காணிப்பாளர் அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை.

"உள்ள போய் எழுதட்டும். ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள கை வைக்காத படம் என் மேசைக்கு வரணும். வரலன்னா விடைத்தாள அனுப்ப மாட்டேன்."

கை வைக்காத படத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பாஸ்போர்ட் அண்ணன் எழுந்து வந்தார்.

"ஒரிஜினல் இருக்கு மேடம். யார் படத்தையும் தூக்கிப் போட மாட்டேன். ஸ்டூடியோவுல பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன்."

"சாவியைக் குடுங்கண்ணே, நான் போறேன்" என்றேன்.

"சாருக்கு மோட்டர் ஓட்டத் தெரியுமா?"

தெரியாது.

"டின்ல ஊரே இருக்கு சார். இவங்க ஏழு பேர நீங்க தேடி எடுக்கறதுக்குள்ள அடுத்த வருஷப் பரீட்ச வந்துடும்."

"அரை மணி நேரத்துக்கு மேல போனா உங்கள உள்ள விட முடியாது, தெரியுந்தானே?" என்றார் அம்மா.

"தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு, பேனாவை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். முன்னால் பார்த்தால் மந்திரி போல இருந்தார். மோட்டர் சைக்கிளைத் திருப்பியபோது முதுகில் வெறும் சட்டையும் பறக்கும் நாடாவும்தான் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐம்பது நிமிடத்தில் டின்னோடு திரும்பினார். ஏழு படங்களையும் மேசையில் வைத்தார். மச்சம், தழும்பு, வியர்வை எல்லாம் அப்படியே இருந்தன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் போய் முகத்தோடு ஒப்பிட்டு, தலையசைத்தார். பிறகு பாஸ்போர்ட் அண்ணனைப் பார்த்து, "நேரம் தாண்டிடுச்சுங்களே" என்றார்.

"பரவால்ல மேடம். கொஞ்சம் தாடையத் தூக்குங்க, கண்ணாடி வழியுது."

அவர்கள் எழுதி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் டின்னைக் கிளறினேன். முடி இல்லாத நான் அகப்பட்டேன். திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் அவர் கையெழுத்து: 'மாஸ்டர். இதுல கை வைக்க மனசு வரல. கேட்டதால வச்சேன்.' அவர் பார்க்காதபோது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மணியடித்து ஏழு பேரும் ஓடி வந்தார்கள்.

"அண்ணே, படத்தை மாத்துனா ஆள் மாறுமான்னு கேட்டிருந்தாங்க. எடுத்துக்காட்டுக்கு உங்களத்தான் எழுதினேன்" என்றாள் சரோஜா.

"நானும்" என்றான் முனியாண்டி. மற்ற ஐந்து பேரும் நானும் நானும் என்றார்கள்.

"ஐயையோ, கோட்டுக்கு முதுகு இல்லன்னு எழுதிட்டீங்களா?" என்று பதறினார் அவர்.

ஏழில் ஐந்து பேர் தேறினார்கள். தையல் வகுப்பு வரவில்லை. என் திறமையைப் பாராட்டி நிலையத்து மேடம் எனக்கு ஒரு பேனா கொடுத்தார். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தடவை பாஸ்போர்ட் அண்ணன் தனியாக வந்து எழுதினார். அன்று அவர் உள்ளே போய் உட்காரும்வரை நான் மண்டப வாசலைவிட்டு நகரவில்லை. எல்லைக்கோட்டு மதிப்பெண்தான், ஆனாலும் தேறிவிட்டார். கோட்டு தொங்கிய ஆணியில் சான்றிதழை மாட்டினார். அவரே நாற்காலி போட்டு ஏறி, சட்டத்தைச் சற்றே தூக்கி, ஒரு நூல் வலப்பக்கம் திருப்பி வைத்தார்.

இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்தபோது பத்திரிகை ஆசிரியர் என்னிடம் ஒரு படம் கேட்டார். இதே பக்கத்தின் மேலே, மண்டை பளபளக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறேனே, அது அந்த டின்னிலிருந்து நான் திருடியது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.