மாத்திரைக்கு வெள்ளையடித்த மாப்பிள்ளை

"ஏனுங் மாப்ள, நீங்க மாத்திரைக்குச் சுவத்துப் பெயிண்ட் அடிக்கற வேலை பாக்கறீங்களாமா?"

பாலுசாமி போனில் இப்படிக் கேட்டபோது, கிருபாசங்கர் பெருந்துறைத் தொழிற்சாலையில் உருளும் சட்டிக்குள் சத்து மாத்திரைகளுக்கு வெள்ளைப் பூச்சு ஏற்றிக்கொண்டிருந்தான். ஆகவே, இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வியாழக்கிழமை உறுதி வார்த்தை, அதாவது நிச்சயதார்த்தம். தட்டிப்போன ஜாதகங்களை எண்ணுவதையே அவன் நிறுத்திவிட்ட பிறகு அமைந்த இடம் இது. பாலுசாமிக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்பு. ஒரே மகள் லாஸ்யாவுக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்க்கப் போகும்போது எல்லோரும் இனிப்பு கொண்டுபோவார்கள். இவன் தன் கம்பெனிச் சத்து மாத்திரை டப்பாவை வருங்கால மாமனார் கையில் கொடுத்தான். லாஸ்யாவை அந்த அளவுக்குப் பிடித்துப்போயிருந்தது.

இப்போது உறவுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. ஒருவன் சுவருக்கு வெள்ளையடிக்கிறான். அடுத்த காட்சியில் மாத்திரை. உயிரில்லாத ஒரு கம்ப்யூட்டர் குரல், "சிந்தியுங்கள் மக்களே" என்கிறது. மக்கள் சிந்திக்கவில்லை, ஃபார்வர்ட் செய்தார்கள்.

அன்று மாலையே மேட்டுப்பாளையத்துக்கு ஓடினான்.

"அது டைட்டானியம் டையாக்ஸைடுங் மாமா. பெயிண்டுலயும் இருக்குதுங்க, மாத்திரைலயும் இருக்குதுங்க. ஆனா இதுல துளியூண்டுதானுங்க."

"அப்ப அடிக்கறது நெசந்தான்," என்றார் பாலுசாமி. மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் வாழைக்குப் பூச்சிமருந்து அடிக்கிற மனிதர், மாத்திரை டப்பாவைத் துண்டால் பிடித்து அப்பால் நகர்த்தினார். "ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எப்படிக் கொடுப்பான்? சில நாடுகளில் தின்பண்டத்தில் அதைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது அவனுக்கும் தெரியும்.

"பூச்சே இல்லாத மாத்திரை கொண்டாந்து தாரனுங்க."

மறுநாள் கொண்டுவந்தான். பழுப்பாக, திட்டுத்திட்டாக இருந்தது. பாலுசாமி வாயில் போட்டார். தொண்டையைத் தாண்டும் முன்பே கரைந்தது. முகம் எட்டுக் கோணலாயிற்று. பிறகு ஏப்பம் வந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

"இந்த நாத்தத்த மறைக்கத்தானுங்க பூச்சே," என்றான் கிருபாசங்கர், உண்மையைச் சொன்னால் ஜெயித்துவிடலாம் என்ற மூடநம்பிக்கையில்.

"அப்ப உள்ள இருக்கறதும் ஆகாது."

தண்ணீர்ச் சொம்போடு வந்தாள் லாஸ்யா. அதுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஏனுங்க, மஞ்சத்தூள்ல பூசுனா என்னங்க? இயற்கைதானுங்களே."

கிருபாசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வேலையைப் பற்றி ஒரு பெண் அக்கறையாகப் பேசியது இதுதான் முதல் தடவை. இவளோடு வாழ்ந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது. பஸ் ஏறும் முன்பே மஞ்சள்தூள் வாங்கிவிட்டான்.

சுண்ணாம்புச் சத்தும் கலந்த அந்த மாத்திரைக்கு மஞ்சள் பூசினால் என்ன ஆகும் என்று, ஆரத்தி கரைக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவன் வேதியியல் பட்டதாரி, ஆகவே யாரையும் கேட்கவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசி, ஈரம் காயும் முன்பே டப்பாவில் அடைத்து மூடினான்.

வியாழக்கிழமை. பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கூடியிருந்தார்கள். "இயற்கைப் பூச்சுங்க," என்று பெருமையோடு டப்பாவைத் திறந்து, வெற்றிலை பாக்குத் தட்டின் ஓரத்தில் கொட்டினான். செக்கச்செவேலென்று கசிந்துகொண்டு விழுந்தன.

"ரத்தமாட்ட இருக்குதுங்களே," என்றார் ஒருவர்.

"சகுனமே செரியில்லீங்க," என்றார் இன்னொருவர்.

பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. இருந்து சாப்ட்டுப்போட்டுப் போங்க. ஆனா இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாமுங்க."

கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'ங்க' போட மறக்காத ஊர். மாப்பிள்ளை தம்பியாகிவிட்டதை மட்டும் கிருபாசங்கரால் தாங்க முடியவில்லை. இலையில் உட்காராமல் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினான். லாஸ்யாவின் அம்மா நாச்சியம்மாள் மோர் டம்ளரோடு பின்னாலேயே வந்தாள்.

"அந்த வீடியோவ எடுத்தவன் ஆருன்னு தெரிஞ்சாப் போதுமுங்க அத்தை," என்றான் கிருபாசங்கர். "என்ற வாழ்க்கையவே கெடுத்துப்போட்டானுங்க."

நாச்சியம்மாள் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மோரை அவன் கையில் கொடுத்தாள்.

"வெசனப்படாதீங்க கண்ணு. இதுக்கு முந்தி வந்த மாப்ள பேக்கரி வெச்சிருந்தாருங்க. அவருக்கு லாஸ்யா மைதா வீடியோ எடுத்தா."