இறக்கத்தில் மட்டும் ஓடும் வீரர்

மனிதர்களில் ‘முதல் ட்ரையத்லான்காரர்’ என்றொரு இனம் சமீபத்தில் பெருகியிருக்கிறது. ட்ரையத்லான் தெரியுமல்லவா? முதலில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, அதிலிருந்து இறங்கி ஓடவும் வேண்டும். மூன்றில் ஒன்றைச் செய்தாலே நமக்கு மூச்சு வாங்கும். இவருக்கோ மூன்றையும் பற்றி நாள் முழுக்கப் பேசினால்கூட வாங்காது.

மலைமேலிருக்கும் சின்னக்கானல் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் சுவக்கீனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியபின் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். கொடுத்த மறுநாள் ஷூ வந்தது, பிறகு கைக்கடிகாரம், பிறகு குளவி மாதிரி ஒரு ஹெல்மெட், பிறகு முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை மனைவி பின்சியின் தட்டில் தள்ளும் பழக்கம். ஓட்டம்? அது சாவகாசமாக வந்தது.

போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிவில் பங்குச் சாமியாரே அறிவித்துவிட்டார்: நம் சுவக்கீனுக்காக ஜெபியுங்கள், போட்டியைப் பார்க்க ஜீப் பிடித்துப் போகிறோம். அன்றிலிருந்து மனிதருக்கு இது மானப் பிரச்சினை. பாதியில் நின்றால் பங்கு ஜனம் மொத்தமும் பார்க்குமே!

பயிற்சி தொடங்கியது. சாலையில் யானை நிற்கிறது என்று போனில் தகவல் வரும் நாட்களில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். மற்ற நாட்களில் பூப்பாறையை நோக்கி இறக்கத்தில் ஓடுவார். திரும்பி வர? எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் சதீஷின் ஜீப் எதற்கு இருக்கிறது? சைக்கிளும் அப்படித்தான், கீழே உருண்டு போய் ஜீப்பின் தலையில் ஏறி வரும். நீச்சலை ஆற்றோட்டத்தோடு போய்க் கரைவழியே நடந்து வந்து முடிப்பார். வேகத்தைக் கணக்கெடுத்த கைக்கடிகாரமோ அவரை வானளாவப் புகழ்ந்தது.

“அண்ணே, ஒரு நாளாவது ஏத்தத்துல ஓடிப் பாருங்க” என்றான் சதீஷ்.

“ஏத்தம் முட்டிக்குக் கேடுல. நீ வண்டிய எடு.”

போட்டி நடந்தது பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், எருத்தேன்பதிப் பக்கம். ஏரித் தண்ணீர் அவரைத் தள்ளவே இல்லை. தட்டுத்தடுமாறிக் கரையேறினார். சைக்கிள், மிதிக்காவிட்டால் நின்றது. இப்படியும் ஒரு சைக்கிள் உண்டா என்று வியந்தபடியே மிதித்து முடித்து, ஓட்டத்துக்கு வந்தார். தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை பலகை போட்டதுபோல் நீண்டு கிடந்தது. ஓடினார், நடந்தார், தண்ணீர் கொடுக்க நின்ற அம்மாளிடம் வந்து நின்றார்.

“எம்மா, இறக்கம் எங்கன வரும்?”

“இறக்கமா? இங்க ஏதுங்க இறக்கம்? கோயமுத்தூர் வரைக்கும் இப்படியேதானுங்க போகும்.”

மனிதர் சாலையோர மதகுக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது பார்த்து, ஆளைக் காணோமே என்று தேடிக்கொண்டு சதீஷின் ஜீப் வந்து நின்றது. பயிற்சி என்றால் சும்மாவா? சுவக்கீன் எழுந்தார். வலது கால் தானாகவே ஜீப்பின் படியில் ஏறியது.

உள்ளே பின்சி உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, கோயில்ல ஜெபம் பண்ணுனது இந்த ஜீப்புக்கா?”

காலை எடுத்தார். நொண்டினார், நடந்தார், ஓடுவதுபோலவும் ஏதோ செய்தார். ஜீப் பின்னாலேயே ஊர்ந்தது. முடிவுக்கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளாக அவர் தாண்டியபோது பங்கே கைதட்டியது, சாமியார் உட்பட. சுவக்கீன் தேம்பித் தேம்பி அழுதார்.

திங்கட்கிழமை டீக்கடையில் கண்ணீர் காய்ந்துவிட்டது. “நம்ம தயாரெடுப்புல கொறையில்லடே. அந்த ஊர் ரோடுதான் சரியில்ல” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. “நான் லிஃப்டைத் தொடுவதே இல்லை, எனக்கு மாடிப்படிதான்” என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிகிறீர்களே, நீங்கள் படியில் இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏறுவதை?