வால்வுக்கு வந்த வாழ்வு

என் வீட்டு ரேடியோவை இனி அன்னியர் கை தொடக்கூடாது என்று நான் தீர்மானித்தது யுத்த காலத்து ஒரு ஆவணி மாதத்தில். மாட்டுங்காவில் ஒரு மாதமாக விடாத மழை. சுவரில் பாசி, அப்பளத்தில் ஈரம், ரேடியோவில் மௌனம்.

தாராவி போகிற ரோட்டில் முகம்மது ஹனீப் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர், அவரிடம் கொடுத்துவிடலாம் என்றாள் என் மனைவி அம்மிணி. நான் சிரித்தேன். பி.ஏ. படித்தவன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஒரு மரப்பெட்டிக்கு நான் பயப்படுவதா?

ஞாயிற்றுக்கிழமை பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஊரே இருந்தது. கண்ணாடிக் கோபுரங்களாக ஐந்து வால்வு, அவற்றுக்கிடையே சந்து பொந்தாகக் கம்பிகள், நடுவில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட ஒரு கரப்பான். பாட்டு இதில் எந்த வழியாக வருகிறது என்று இரண்டு ஞாயிறு பார்த்துக்கொண்டே இருந்தேன். வராத வழி மட்டும்தான் தெரிந்தது. திருப்பி மூடினபோது மூன்று திருகாணி மிச்சம்.

மூன்றாவது ஞாயிறு அம்மிணி செம்பூருக்கு ஒரு சீமந்தத்துக்குப் போனாள். ரேடியோவைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டி, சலவைக்குப் போடப் போகிறவன் போல ஹனீப் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு வால்வைப் பிடுங்கி, அதன் கால்களை உப்புக் காகிதத்தால் தேய்த்து, திரும்பச் செருகினார். பெட்டி பாட ஆரம்பித்தது. மழை ஈரத்தில் காலில் களிம்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். வால்வு பிழைத்தது, என் வாழ்வும் பிழைத்தது.

சாயங்காலம் அம்மிணி வந்து பார்த்தாள். "நீங்களா பண்ணினேள்?" என்று கேட்டாள். "பின்னே?" என்றேன். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளே மூன்று மாடிக்கும் செய்தி போய்விட்டது. இஸ்திரிப்பெட்டி வந்தது, மேஜை விசிறி வந்தது, அடிக்காத அழைப்புமணி வந்தது. புதுச் சாமான் எதுவும் கிடைக்காத காலம். பழசுக்கு உயிர் கொடுப்பவன் கடவுள். ஆபீஸ் போகும் வழியில் எல்லாவற்றையும் ஹனீபிடம் சேர்த்து, திரும்பும் வழியில் வாங்கிவந்து, நெற்றியைத் துடைத்தபடி ஒப்படைப்பேன்.

அப்புறம் கீழ்வீட்டு ஜகந்நாதனின் ரேடியோ வந்தது. அவர் தம்பி பட்டாளத்தில் பர்மா முனையில் இருந்தான். கடிதம் வந்து இரண்டு மாதம். சாயங்காலச் செய்திதான் அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல். "நீங்க இருக்கறப்போ எனக்கென்ன கவலை" என்று சொல்லிப் பெட்டியை என் கையில் வைத்தார்.

ஹனீப் கடை பூட்டியிருந்தது. தங்கை நிக்காஹுக்காகக் கடையநல்லூர் போயிருக்கிறார், திரும்ப இருபது நாளாகும் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

வேறு கடைக்குக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஜகந்நாதன் வந்து, எதுவும் கேட்காமல், வாசலில் நின்று பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவார். தினம் காலையில் பின்பலகையைத் திறந்து, வால்வுகளைத் துடைத்து, கைக்கு அகப்பட்டதை முடுக்கிவிட்டு ஆபீஸ் போவேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினம் படியிறங்கும்போது நினைப்பேன். அவர் வீட்டு வாசல் வந்ததும் நடை வேகமாகிவிடும்.

எட்டாம் நாள் சாயங்காலம் படியேறும்போது ஜகந்நாதன் வீட்டில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கையை விடுவித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"அம்மிணி, இன்னிக்கு யாராவது வந்தாளா?" என்றேன்.

"யார் வருவா? நீங்கதானே கார்த்தாலே என்னமோ முடுக்கிண்டிருந்தேள்? மத்தியானம் போட்டுப் பார்த்தேன், பேசித்து. கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

இரண்டு நாள் நான்தான் சரிசெய்தேன் என்று நானே நம்பினேன். ஆனால் சந்தேகம் பொல்லாதது. ஜகந்நாதனிடம் ஏதோ சாக்குச் சொல்லிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அறுந்திருந்த கம்பி ஒன்றின் நுனியில், பளபளவென்று, பற்றவைத்த புது ஈயம். நான் ஈயம் தொட்டவனே இல்லை.

ஹனீப் ஊரிலிருந்து வந்ததும் முதல் ஆளாய்ப் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"சொல்லக்கூடாதுன்னாவ. நீங்க மூட்டையோட வந்தீயள்லா, அதுக்கு மறுநாளே உங்க வீட்டம்மா வந்துட்டாவ. பொட்டியைத் திறந்து எப்படிப் பேசுதுன்னு காட்டச் சொன்னாவ. பொறவு காய்கறி வாங்க வரும்போதெல்லாம் வந்து நிப்பாவ. எனக்கே தெரியாத கேள்வியெல்லாம் கேப்பாவ. ஈயம் பத்தவைக்கப் படிச்சாவ. ஈயத்தை உருக்கப் பழைய செம்புக்கட்டை ஒண்ணும் கொண்டுபோனாவ."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"ஊர்ல உங்களுக்கு ஒரு பேர் ஆயிட்டுதாம். கெடுக்க வேண்டாம்னாவ."

கோபமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மிணி கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே எங்கள் ரேடியோ குடல் வெளியே தெரியக் கிடந்தது. பக்கத்தில் கும்முட்டி அடுப்பு, அதில் காயும் செம்புக்கட்டை. நான் எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருப்பதை என் முகத்திலேயே படித்துவிட்டாள். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. கரகரவென்று சத்தம் வருகிறது, ஏனென்று பார்க்க வேண்டும் என்றாள். இந்த ஒரு கம்பியில்தான் எல்லாப் பாட்டும் வருகிறதாம், எத்தனை ஆச்சரியம் பாருங்கோ என்று காட்டினாள். பார்த்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பின்னாடி இருட்டா இருக்கு. அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்கோ. ஆடாம."

குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பிடித்தேன். அந்த நேரம் பார்த்து ஜகந்நாதன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தம்பியிடமிருந்து கடிதம் வந்துவிட்டதைச் சொல்ல வந்தவர், எங்கள் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, சார் ரிப்பேர் பண்ணலையா?"

அம்மிணி தலை நிமிரவில்லை.

"பண்ணுவார். இப்பத்தானே கத்துக்க ஆரம்பிச்சிருக்கார்."