பூண்டு வரவழைத்த அம்மை

கல்யாண வயதுப் பெண்ணிடம் கண்ணாடியைக் கொடுப்பதும், பேச ஆசைப்படுகிறவரிடம் மைக்கைக் கொடுப்பதும் ஒன்றுதான். திரும்ப வாங்க முடியாது. நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்போது ராயபுரத்தில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் இருந்தோம். என் முகத்தில் பரு இல்லாத இடம் மூக்கு நுனி ஒன்றுதான். (பிறகு அதுவும் போயிற்று.) சங்கை உரசிப் பூசினேன். பல்பொடியைக் குழைத்து அப்பினேன். இடையில் கிள்ளிக் கிள்ளி ஒன்றை மூன்றாக்கினேன். ஏற்கெனவே ஒரு வரன் என்னைப் பார்த்துவிட்டு பஜ்ஜியைக்கூடத் தொடாமல் போயிருந்தது. இந்த லட்சணத்தில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்துக் குடித்தனத்து சுல்தானா என் உயிர்த்தோழி. "பூண்ட நசுக்கி அப்பிக்கோடி. எரிஞ்சா எடுத்துடாத. வேலை செய்துன்னு அர்த்தம்" என்றாள்.

அவர்கள் வருகிற நாள் காலை அப்பினேன். எரிந்தது. ஆகா, வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். தாங்க முடியாமல் கழுவிப் பார்த்தால், பரு இருந்த இடமெல்லாம் கொப்புளம்!

"அய்யோ, இன்னாடி இப்டி கீது மூஞ்சி?" என்றாள் சுல்தானா.

"நீதானேடி எடுக்காதேன்னே!"

எரிச்சல் அடங்க அவளே வேப்பிலை ஒடித்து வந்தாள். பாதியை அரைத்து என் முகத்தில் பூசினாள். மீதியை வாடாமல் இருக்கட்டும் என்று வாசல் நிலையில் செருகினாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா மகனோடு பூவும் பழமுமாக வந்து நின்றார். வாசலில் வேப்பிலை. உள்ளே பச்சை முகமும் சிவப்புக் கொப்புளமுமாக நான். அம்மை கண்ட வீட்டில்தான் அப்படிச் செருகுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தாயே! ஆத்தா எறங்கிக்கீறா!"

கன்னத்தில் போட்டுக்கொண்டவர், பழத்தட்டை என் காலடியில் வைத்துவிட்டு மகனை இழுத்துக்கொண்டு ஓடினார்.

தெருவே கிலியில் கதவைச் சாத்தியது. யாரோ சொல்லிவிட, ஆஸ்பத்திரி வண்டி வந்து என்னை அள்ளிக்கொண்டு போனது. அங்கே லேடி டாக்டர் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், சிரித்தார்.

"அம்மையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பூண்டு பட்டு வெந்திருக்கு. வயசுல தோல்ல எண்ணெய் அதிகமா சுரக்கும், துவாரம் அடைச்சுக்கும். அதான் பரு. கிள்ளாதே. சாதா சோப்பு போட்டுக் கழுவு. புண் ஆறினதும் கந்தகக் களிம்பு தடவு. மெதுவாத்தான் கொறையும். சமையல் சாமானெல்லாம் சமையலுக்கு!"

கல்யாணம் போயிற்று என்று அழுதபடி வீட்டுக்கு வந்தேன். புண் ஆறும் முன்பே மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தார், இந்த முறை தாம்பூலத்தோடு.

"ஆத்தாவே வந்து மொகம் காட்டிட்டா. இந்தப் பொண்ண வாணாம்னா என் குடும்பம் வெளங்குமா?"

உண்மையைச் சொல்ல அம்மா வாயைத் திறந்தார். நைனா அவர் காலை மிதித்தார். கல்யாணம் நிச்சயமானது.

களிம்பில் பாதிப் பரு போயிற்று. மீதியோடு தாலி கட்டிக்கொண்டேன். பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், "எங்கம்மாவாண்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். நான் சொல்லவில்லை. மாமியார் கடைசி வரை என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆடி மாதக் கூழில் முதல் குவளை எனக்குத்தான்.

இன்றும் நான் பூண்டு உரிக்க உட்கார்ந்தால் போதும். கணவர் முதல் கடைசிப் பேத்தி வரை வரிசையாக வந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.