மேஜைமேல் வைத்த கத்தி

மட்டாஞ்சேரி
11-7-1984

மரியாதைக்குரிய முத்துராமலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

ராமபத்ரன் வணங்கி எழுதுவது. தங்களுக்கும் அக்காவுக்கும் திருச்செந்தூர் முருகன் துணை நிற்கட்டும். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விடாமல் பெய்கிறது. நானும் லோகாம்பாளும் உடம்பளவில் சுகம். மரியாதைகள் இத்துடன் முடிந்தன. விஷயம் என்னவென்றால், உங்கள் மகன் பாலையாவை உடனே வந்து அழைத்துப் போங்கள்.

ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆத்திரம் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. ஆறட்டும் என்று காத்திருந்தேன், ஆறவில்லை. அவனுக்குத் துறைமுக ஆபீசில் வேலை கிடைத்தபோது, தாய்மாமன் வீடு இருக்க லாட்ஜ் எதற்கு என்று மாடி அறையைக் கொடுத்தவன் நான். மற்றவர்கள் அந்த வயதில் சினிமா பார்ப்பார்கள், சீட்டாடுவார்கள். இவன் மடக்குக் கத்தி சேர்க்கிறான். கப்பல்காரர் யாரோ விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஆரம்பித்த வியாதி இது. அங்கெல்லாம் பழைய கத்திகளின் அமைப்பைத் தேடிப் பிடித்து, அதே மாதிரி புதிதாகச் செய்யச் சொல்லி, வாங்கி, பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இவனும் ஒரு சங்கம் தொடங்கிவிட்டான். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்த சரோஜம்மா டீச்சர் தலைவி. பிராட்வேயில் குடைக்கடை வைத்திருக்கும் செல்லப்பா பொருளாளர். கூட இன்னும் சில பேர். ஞாயிறுதோறும் என் மாடியில் கூடி, கத்தியைத் திறப்பார்கள், மூடுவார்கள், காதருகே வைத்துக் கேட்பார்கள். நல்ல கத்தி மூடும்போது பேசுமாம். கத்தியால் எதையும் வெட்டக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. ஒருநாள் நான் தெரியாமல் ஒரு கத்தியை எடுத்து மாங்காய் நறுக்கிவிட்டேன். "புளிப்புப் பட்டுருச்சே மாமா" என்று இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னான்.

என் மடியில் இருக்கும் கத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வில்லிங்டன் தீவை உண்டாக்கக் கடலைத் தோண்டினார்களே, அந்தக் கப்பலில் அப்பா வேலை பார்த்தபோது கிடைத்தது. கொம்புப் பிடி, முனை மழுங்கிய அலகு, முதுகுப் பக்கம் கயிற்று முடிச்சை நெகிழ்த்த ஓர் ஆணி. பிடியில் 'வே' என்று வேலாயுதம் என்ற தன் பெயரின் முதல் எழுத்தை அப்பாவே கீறியிருக்கிறார். மிளகுக் கிட்டங்கியில் நான் மேஸ்திரியாக இருந்த காலமெல்லாம் மூட்டைத் தையலைப் பிரித்தது அதுதான். இன்றைக்கும் பாக்கு வெட்ட, தபால் உறை கிழிக்க அதுதான். அது மடியில் இல்லாமல் நான் வாசல் இறங்கியதில்லை. அப்பா விட்டுப்போனதில் என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இதைப் பாலையா பார்த்துவிட்டான். "மாமா, இந்த அமைப்பு இப்ப உலகத்துலயே யாரும் செய்றதில்ல. நாமதான் திரும்பக் கொண்டுவரணும்" என்றான். கொண்டுவந்து என்ன செய்வாய் என்று கேட்டேன். "கொண்டுவரணும், அவ்வளவுதான்" என்றான். தினமும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இதே பேச்சு. கடைசியில் பள்ளுருத்தியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் முனியாண்டியிடம் என் கத்தியைக் கொடுக்கச் சம்மதித்தேன். முனியாண்டி நியாயமாகத்தான் கேட்டான். "சேட்டா, சாமான் புதுசா இருக்கணுமா, புதுசையே பழசாக்கித் தரணுமா?" பழசாக்கித்தான் வேண்டுமாம். மாங்காய் படக்கூடாத அலகைப் புளித்தண்ணீரில் நாள் கணக்காக ஊறப்போட்டார்கள். என் அலகில் இருந்த கீறல் அத்தனையும் போட்டார்கள். 'வே' என்ற எழுத்தையும் வெட்டினார்கள். எழுத்து எதற்கடா என்றால், "அதுவும் அமைப்புல சேர்ந்ததுதான் மாமா" என்கிறான். அத்தான், இப்போது குடைக்கடைச் செல்லப்பாவும் என் அப்பாவுக்குப் பிள்ளை.

முதலில் முனியாண்டி மாதிரிக்கு ஒன்று செய்து, என்னுடையதையும் சேர்த்துக் கொண்டுவந்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறிந்துபோகும் என்று நம் வீட்டில் கீழே வைத்துத்தான் எடுப்போம். அவனும் அந்தப் பழக்கக்காரன். இரண்டையும் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் குளித்துவிட்டு வந்து, என்னுடையதைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்து மடியில் செருகினேன். முப்பது வருஷக் கைப்பழக்கம் பொய் சொல்லுமா? மற்றதைப் பாலையா திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல பழமை போதாது மாமா, ஒரே பார்வையில புதுசுன்னு தெரியுது" என்று தள்ளிவிட்டான். சாளை மீன் நறுக்கவாவது ஆகட்டும் என்று லோகாம்பாளிடம் விட்டேன். அதன்பிறகு முனியாண்டி ஆளுக்கொன்று செய்து கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. மேஜைக்கு வெள்ளைத்துணி விரித்து, புதுக் கத்திகளைச் சுற்றி அடுக்கி, நடுவில் என் கத்தியை வைக்கச் சொன்னார்கள். வைக்குமுன் நான் ஒரு காரியம் செய்தேன். விதியும் மண்ணும் என்று சொல்லி, தடித்த கயிறு ஒன்றை எல்லார் கண்முன்னும் ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினேன். முனியாண்டி ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒரு கத்தி செய்ய மாட்டான் என்றும் சொன்னேன். முனியாண்டி அங்கேதான் நின்றான். கைதட்டினார்கள். பிறகு ஒருவர் கத்தியை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். கையில் கொடுக்கக் கூடாதே, எல்லாரும் மேஜைமேல் வைப்பதும் வேறொருவர் எடுப்பதுமாக இருந்தார்கள். சாயா வந்து, பழம்பொரி வந்து, தின்று முடித்துத் திரும்பினால் நடுவும் இல்லை சுற்றும் இல்லை, எல்லாம் ஒரே குவியல்.

என் கத்தி எது என்று கேட்டேன். அவ்வளவுதான், ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, இதுதான் பழசு என்கிறார்கள். புதுசு ஒருவர் கையிலும் இல்லை. "சேட்டா, இது பேசுற பேச்சே வேற, பழசேதான்" என்று செல்லப்பா காதில் வைத்துக்கொண்டு தர மறுக்கிறான். என்னுடையதன் மூட்டுக்குள் கப்பல் தார் இறங்கியிருக்கிறது, அந்த வாடை ஒருநாளும் போகாது, கொண்டா என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். எல்லாம் புளி. ஒன்றில்கூடத் தார் இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? எவரோ மறைத்துவிட்டார். பையையும் மடியையும் காட்டுங்கள் என்றேன்.

சரோஜம்மா டீச்சர் எழுந்து நின்றார். "எந்தா சாரே, ஞானா கள்ளி? பேகைத் திறந்து நோக்கிக்கோ" என்றார். தானா திருடி என்று கேட்கிறார்! பையை என் முன்னால் கொட்டினார். கண்ணாடிக்கூடு, தலைவலித் தைலம், ரேஷன் கார்டு. நான் பார்த்தது தப்புத்தான், ஆனால் கொட்டியது அவர்.

"மாமா, சங்கத்து மானத்தையே வாங்கிட்டீங்க" என்றான் உங்கள் மகன்.

"என் அப்பன் கத்தியை வாங்குனது யாருடா?" என்றேன்.

"ஒரு கத்திக்காக இப்படியா?" என்று கேட்டான், அத்தான். பெட்டி நிறையக் கத்தி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான். கைக்குக் கை கொடுக்காமல் அத்தனை பத்திரமாக இருந்தும் உறவு முறிந்துதான் போயிற்று. ஞாயிறு முதல் அவன் ஹோட்டலில் சாப்பிடுகிறான். நான் வெறும் மடியோடு திரிகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் என் கத்தி வர வேண்டும், அல்லது மாடி அறை காலியாக வேண்டும். தகப்பனார் என்ற முறையில் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. பாலையாவுக்கு மட்டும் இப்போதைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ராமபத்ரன்

பி.கு.: மேற்படி கடிதத்தை லோகாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன். தார் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து சாளை நறுக்கும் கத்தியை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "எத்தன தேய்ச்சாலும் வாடை போகல. மீன்குழம்பு ஒரு மாதிரியா இருக்குன்னு நீங்கதானே வைதீங்க" என்றாள். ஆகவே விழாவில் கயிறு அறுத்தது முனியாண்டியின் சரக்கு. கையில் கொடு என்று கேட்டேன். கையில் கொடுத்தால் உறவு முறியும் என்கிறாள். சரி, கீழே வை என்றேன். கீழே வைத்தால் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்கிறாள். சாளைக்கு இதைப்போல் கத்தி வாய்த்ததில்லையாம், தர மாட்டாளாம். எனவே பாலையாவுக்கு நீங்கள் ஒரு வரி எழுதி, முனியாண்டியிடம் சொல்லி இன்னொரு கத்தி செய்து வாங்கச் சொல்லுங்கள். 'வே' எழுத்து அவசியம் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டும் என்றே எழுதுங்கள்.