சாமி வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்ட மருமகளுக்கு

அன்பு மருமகள் சரண்யாவுக்கு, உன் தாய்மாமன் ஆண்டியப்பன் எழுதிக்கொண்டது. நீயும், விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும், உன் வழிகாட்டிப் பேராசிரியரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அத்தை செவந்தியும் ஆடுகளும் சுகம். சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை என்பதால் எழுதினேனே தவிர, நான் சுகமாக இல்லை. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போனில் பேசுவதையும் பதிவு செய்து வைக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஆகவே கடிதம். இதையும் தரவு என்று எடுத்து உன் ஆராய்ச்சிக்குள் சேர்த்துவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

விஷயம் இதுதான். எனக்குச் சாமி வரவில்லை. மினி பஸ்ஸில் கண்டக்டராக ஓடினாலும் ஊருக்குள் நான் கருப்பர் கோயில் சாமியாடி என்பது உனக்குத் தெரியும். அப்பா காலமானதிலிருந்து கருப்பர் என் மேல்தான் இறங்குகிறார், ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை. இந்த வருடம் காப்புக் கட்டும் அன்று வழக்கம்போலச் சாமி அழைத்தார்கள். ஊரே கைகூப்பி நின்றது. மேளக்காரன் நாகராசு உறுமியை வாசித்து வாசித்துக் கை ஓய்ந்துபோனான். நான் மட்டும் பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவனைப் போல நின்றுகொண்டிருந்தேன். படையல் அன்றைக்கு வந்துவிடும் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிக் கலைந்தார்கள். படையலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, இல்லாவிட்டால் நான் இந்நேரம் திருமயத்தைத் தாண்டியிருப்பேன்.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று யோசித்துப் பார்த்தேன், நீதான். தை மாதம் நீ வந்து எங்கள் வீட்டில் தங்கியபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன். மதங்களின் வரலாற்றை ஆராய்கிற பிள்ளை நம் குடும்பத்தில் இருக்கிறது என்று பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துச் சொன்னேன். கோயில் கல்வெட்டைப் படம் எடுப்பாய், பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதுவாய், போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ பதிவுக் கருவியை என் முன்னால் வைத்துவிட்டு, சிரித்த முகமாக, "மாமா, சாமி நெசமா வருதா இல்லையான்னு நான் கேக்கவே மாட்டேன். அது என் ஆராய்ச்சிக்கு வேணாம். ஒங்களுக்கு அது எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். சாமி இல்லை என்று நீ சொல்லியிருந்தால்கூட உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். இருக்கிறதா இல்லையா என்பது வேண்டவே வேண்டாம் என்றாய் பார், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் உள்ளங்கால் சூடாகும் என்றேன். அதற்கு முன்னால் என்ன நடக்கும் என்றாய். யோசித்துப் பார்த்து, வயிறு இழுக்கும் என்றேன். அதற்கும் முன்னால் என்றாய். இப்படியே என்னைப் பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டவைத்தாய். பிறகு ஒரு படிவம் கொடுத்தாய். 'அருள் வந்த நேரத்தில் சுயநினைவு எந்த அளவுக்கு இருந்தது: அறவே இல்லை, ஓரளவு இருந்தது, முழுமையாக இருந்தது.' பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அறவே இல்லை என்று டிக் அடித்தால், இல்லை என்பது மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். ஓரளவு என்று அடித்தால் ஊரார் என்னை உரித்துவிடுவார்கள். கடைசியில் உன் அத்தையைக் கேட்டு அடித்தேன்.

அதோடு விட்டாயா என்றால் இல்லை. ஒருவர் சொல்வதை அப்படியே எழுதக்கூடாது, மற்றவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்பார்க்க வேண்டும், அதுதான் முறை என்று சொல்லிக்கொண்டு நாகராசுவிடம் போனாய். தாளத்தை மாற்றியதும் அண்ணனுக்குத் தானாக வந்துவிடும் என்று அவன் சொன்னானாம். அன்றிலிருந்து கருப்பரைத் தானே வரவழைப்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறான். உன் அத்தையோ, சாமி வருவதற்கு முன்னால் அவர் மூக்கைச் சொறிவார் என்று உன்னிடம் சொன்னதோடு நில்லாமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். போன மாதம் பஸ்ஸில், இலுப்பூர் போகிற வழியில் புழுதி பறந்து மூக்கைச் சொறிந்துவிட்டேன். பின் சீட்டில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள், டிரைவர் வண்டியை ஓரம் கட்டிச் செருப்பைக் கழற்றினார். இப்போதெல்லாம் மூக்கு அரித்தால் கழிப்பறைக்குப் போய்த்தான் சொறிகிறேன்.

காப்புக் கட்டு அன்று என்ன நடந்தது தெரியுமா? உறுமி முழங்கியது, உள்ளங்கால் சூடானது. உடனே எனக்குள் ஒரு குரல், இது முதல் கட்டம் என்றது. அது உன் குரல். வயிறு இழுத்தது. இழுக்கிறது என்றால் எப்படி மாமா, பசிப்பது போலவா, பயப்படுவது போலவா என்று கேட்டது. பசிதானோ என்று நான் யோசிப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. வாசல்வரை வந்த விருந்தாளியை நிறுத்தி, எந்த ஊர், எதற்கு வந்தாய், வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் யார்தான் உள்ளே வருவார்கள்? கருப்பர் ரோஷக்காரர்.

இது எனக்கு மட்டும் வந்த கோளாறா என்று பார்த்தால், ஆவூரிலிருந்து தினமும் நம் பஸ்ஸில் வரும் மைக்கேல்சாமி வாத்தியாரையும் நீ ஒப்பீட்டுக்கு என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறாய். அவர் இப்போது ஜெபமாலையைக் கையில் எடுத்தாலே, இதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு பழக்கம் என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறதாம், பாதியில் விட்டுவிடுகிறாராம். காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரம் பஸ்ஸில் அவர் இதைச் சொன்னதும், டிக்கெட் கிழிக்கக்கூட மறந்துவிட்டேன்.

ஊராருக்குப் பயப்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அரிவாளை வேறு ஒருவன் கையில் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது பரிமளாவின் விஷயம். வடக்குத் தெருப் பரிமளாதான், நீ வந்திருந்தபோது உனக்குப் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தாளே, அவள். போன வருடப் படையலில் அவள் புருஷன் அய்யப்பன், வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று குறி கேட்டான். "போடா, நான் தொணைக்கு வாரேன்" என்று சாமி சொன்னதாம். எனக்கு நினைவில்லை, எல்லோரும் சொன்னார்கள். அவனும் போனான். மாசி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. மனு கொடு, போலீசுக்குப் போ என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் அசையவில்லை. குழாயடியில் என்னைப் பார்த்து, "அண்ணே, ஒங்கள நான் ஒண்ணும் கேக்கல. அனுப்புனது சாமி. படையலன்னைக்கு சாமியவே கேட்டுக்கிறேன்" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே குழாய் மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வருவதற்கு முன்னால் இந்தப் பயம் எனக்கு இல்லை. சொன்னது கருப்பர், கேட்டது அய்யப்பன், நடுவில் நான் யார் என்று இருந்தேன். இப்போது படுத்தாலும் எழுந்தாலும் ஒரே கேள்விதான். அவனைப் போகச் சொன்னது கருப்பரா, நானா? நான்தான் என்றால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்? கருப்பர்தான் என்றால் துணைக்கு வருகிறேன் என்றவர் எங்கே போனார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருக்கிறது ஆத்தா. ஒங்க மாமன் அருவாளத் தூக்கிக்கிட்டு ஆடுறவன்னுதான் பேரு, உள்ளுக்குள்ள கோழிக்குஞ்சு கணக்கா நடுங்கிக்கிட்டு இருக்கேன்.

ஆகவே உன்னை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பேசிய பதிவுகளையெல்லாம் அழித்துவிடு. படிவத்தைக் கிழித்துவிடு. என் பெயரை மறைத்து 'சாமியாடி மூன்று' என்று போட்டிருப்பதாகச் சொன்னாய், அந்த மூன்றையும் எடுத்துவிட்டு இரண்டோடு நிறுத்திக்கொள். அந்த ஒன்றும் இரண்டும் யார், அவர்களுக்கு இப்போது வருகிறதா என்பதை மட்டும் விசாரித்து எழுது. படையலுக்குத் தயவுசெய்து வராதே. நீ கூட்டத்தில் நிற்கிறாய் என்று தெரிந்தாலே உள்ளங்கால் ஜில்லிட்டுவிடும்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல், அவரை இந்தப் பக்கம் அனுப்பாதே. கருப்பர் உன்னைக் காக்கட்டும். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, இருந்தாலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் மாமா,
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: தபால் பெட்டி ஊர் எல்லைக்கு அங்கிட்டு இருப்பதால் இதை அனுப்ப முடியவில்லை, வேறு யார் கையிலும் கொடுக்கவும் பயம். இப்போது படையல் முடிந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. எதையும் அழிக்காதே. கருவியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வா.

உறுமி முழங்கியது, சாமி வரவில்லை. சாமியாடி உடுப்பான சல்லடத்தைக் கட்டிக்கொண்டு, அரிவாளும் கையுமாக, நான் நானாகவே நின்றேன். பரிமளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காலைப் பிடித்து, "சாமி, அவரு இருக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றாள். எதையாவது சொல்லி ஆடிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. "எனக்குத் தெரியல ஆத்தா" என்றேன். பெண்கள் குலவை போட்டார்கள். இத்தனை வருடத்தில் கருப்பர் இப்படி மனம் இறங்கிப் பேசியதே இல்லை என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரிந்து நான் சொன்னது அவ்வளவுதான். ஆனால் ஐப்பசிக்குள் வந்துவிடுவான் என்று சாமி சொன்னதாக நாகராசு சத்தியம் செய்கிறான். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கச் சொன்னதாக உன் அத்தை சொல்கிறாள். ஒத்தையில் போகாதே, நான் கூட வருகிறேன் என்று சொன்னதாகப் பரிமளா சொல்கிறாள். தெரியல என்று சொன்ன பிறகு என்ன நடந்தது என்று யோசித்தால் எனக்குத் திருநீறு வாசனை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது, இது பழைய பயத்தைவிடப் பெரிய பயமாக இருக்கிறது. நீதான் வந்து எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்து, உன் முறைப்படி கேட்டு, நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். விடிந்ததும் பரிமளா அய்யப்பனின் பாஸ்போர்ட் நகலைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், அவளோடு புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கிறது. உட்காரு ஆத்தா என்றேன். "இருக்கட்டும். சாமிக்குச் சமமா எப்படி ஒக்காருறது" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வருகிறாள்.